குடையை யார் தூக்கிக்கொண்டு போனது

அந்தக் கதை எனக்குப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரணியில் இளங்கலை படித்தபோது எங்களுக்கும் அது பாடமாக இருந்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் நூறு வருஷத்துக்கும் முன்னால் எழுதப்பட்டு, இரண்டு மூன்று மொழி தாண்டித் தமிழுக்கு வந்த கதை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'இக்கதை அதிகார வர்க்கத்தைச் சாடும் அங்கதம். குடை ஒரு குறியீடு' என்று கைடில் இருந்ததை மனப்பாடம் செய்து எழுதினேன். பத்துக்கு ஏழு போட்டார்கள். அத்தோடு மறந்துவிட்டேன்.

பதினெட்டு வருஷம் கழித்து, கணவரின் வேலைக்காகப் பெங்களூரு வந்து, அல்சூர் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்தேன். புத்தகத்தைப் புரட்டினால் கடைசிப் பாடமாக அதே கதை. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரிடம் போனில் கேட்டேன். நான் அதை நடத்தினதே இல்லை, பரீட்சையில் கேட்க மாட்டார்கள், தைரியமாக விட்டுவிடுங்கள் என்றார். அப்படியே விட்டிருப்பேன். ஆனால் அந்த ஆகஸ்டில் மற்ற பாடமெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒன்பது பேர் மட்டும் இருக்கும் வகுப்பில் பாடம் வேகமாக ஓடிவிடும்.

ஒன்பது பேரும் பி.காம் முதல் வருஷம். பாதிப் பேர் தமிழைப் பேசியே வளர்ந்தவர்கள், படித்து அல்ல. மீதிப் பேர் நான்காம் வகுப்பு வரை தமிழ், அப்புறம் கன்னட மீடியம், இப்போது இங்கிலீஷ் என்று மூன்று எழுத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள். என் ஆரணிப் பேச்சைக் கேட்டு முதல் வாரம் சிரித்தார்கள். நான் அவர்கள் எழுதியதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அப்படி ஒரு உடன்பாட்டில் எங்கள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வகுப்பறை மூன்றாவது மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கூரைச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அந்தக் கதையை வாசிக்க ஆரம்பித்தேன்.

கதை இதுதான். நிலப் பதிவு அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. ஒரு நாள் சாயங்காலம் தன் குடையை நாற்காலியிலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். அன்றைக்கே காய்ச்சல். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தால் அவர் இடத்தில் குடை வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. குடை எதிர்த்துப் பேசுவதில்லை, லீவு கேட்பதில்லை, மேலதிகாரிக்கு அதை ரொம்பப் பிடித்துவிடுகிறது. குமாஸ்தாவுக்கு உட்கார இடம் இல்லை. சரி, வந்ததுதான் வந்தாய், குடைக்கு உதவியாளாக இரு என்கிறார்கள். குடைக்குப் பதவி உயர்வு வருகிறது. விருந்துக்குப் போகிறது, கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறது.

அதுவரை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். வகுப்பு பேசாமல் இருந்தது. என்ன கொடுமை இது என்று நினைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் நீலசந்திராவிலிருந்து வரும் பெண், முதல் பெஞ்சில் இருப்பவள், துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அடக்கியது உடைந்தது. விக்கல் வரும் அளவுக்குச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் கொடுத்தாள், அதைக் குடிக்கப் போனவளுக்கு மறுபடி சிரிப்பு வந்து புரையேறியது. பிறகு எல்லாரும் ஆரம்பித்தார்கள். ஜீவனஹள்ளிப் பையன் ஒருவன், லீவு நாளில் அப்பாவின் ஆட்டோவை ஓட்டுகிறவன், குடைக்கு ஆதார் கார்டு இருக்கா மிஸ் என்று கேட்டான். இன்னொருத்தி, விருந்தில் குடை எந்தப் பக்கமாகச் சாப்பிட்டது என்றாள்.

சிரிக்காதவன் ஒருவன்தான். மர்பி டவுன் பையன். கடைசி பெஞ்ச், அதிகம் பேச மாட்டான், வருவதும் கொஞ்சம் குறைவு. அவன் எழுந்து நின்று, கோபமாகவே கேட்டான்.

"அந்தாளு ஏன் மிஸ் கொடைய எடுத்து மடிச்சி அந்தாண்ட போடல? அவரோட கொடதானே அது?"

எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். குடை ஒரு குறியீடு, அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றேன்.

"குறியீடுன்னா அவருக்கு வலிக்காதா மிஸ்?"

மணி அடித்தது. என் வாழ்க்கையில் ஒரு மணியோசைக்கு நான் அவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. நான் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து அவன் பெயரைச் சொன்னபோது, கடைசி பெஞ்சிலிருந்து "உள்ளேன் மிஸ்" என்று குரல் வந்தது. பார்த்தால், அவன் உட்காரும் இடத்தில் ஒரு குடை. கறுப்புக் குடை, மரக் கைப்பிடி. அதன் முன்னால் நோட்டு திறந்து வைக்கப்பட்டிருந்தது. குரல் கொடுத்தவன் ஜீவனஹள்ளிப் பையன்தான், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆப்சென்ட் போட்டேன். வகுப்பே எதிர்த்தது. நேற்று நீங்கள்தானே மிஸ் வாசித்தீர்கள், நாற்காலியில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் கணக்கு என்று நீலசந்திராப் பெண் வாதாடினாள். குடையின் கையெழுத்து அவன் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது என்று சாட்சியும் சொன்னாள். நான் கண்டிப்பாக முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. சரி, குடை இருக்கட்டும், ஆனால் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கதையின் மீதியை வாசித்தேன்.

மீதி கொஞ்சம்தான். ஒரு நாள் பெருமழை. குமாஸ்தா நனைந்துகொண்டு தெருவில் நிற்கிறார். குடை ஒரு குதிரை வண்டிக்குள் உட்கார்ந்து அவரைத் தாண்டிப் போகிறது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொட்டச் சொட்ட அலுவலகத்துக்கு வருகிறார். பியூன் அவரைத் தூக்கிக் கதவருகே இருக்கும் கொக்கியில் மாட்டிவிடுகிறான். சாயங்காலம் வரை அவரிடமிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவில் நிழலாடியது. கன்னடம் நடத்தும் மேடம். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது, கல்லூரியில் எல்லாருக்கும் அவரிடம் பயம். என் குடையை யாராவது பார்த்தீர்களா, ஸ்டாஃப் ரூமில் வைத்திருந்தேன், வெளியே மழை என்று கன்னடத்தில் கேட்டார். ஒன்பதில் எட்டுத் தலையும் ஒரே சமயத்தில் கடைசி பெஞ்சைப் பார்த்தன.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் ஜீவனஹள்ளிப் பையன் எழுந்து, சுத்தமான கன்னடத்தில், மிகவும் பணிவாக, அவர் வகுப்பில் இருக்கிறார் மேடம், பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறோம் என்றான். மேடம் குடையைப் பார்த்தார். அதன் முன்னால் இருந்த நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து காலி பெஞ்சில் உட்கார்ந்து, என்ன கதை, எனக்கும் சொல்லுங்கள் என்றார். எட்டுப் பேரும் போட்டி போட்டுக்கொண்டு கன்னடத்தில் கதை சொன்னார்கள். என்னிடம் தமிழில் இரண்டு வரி பேச யோசிக்கும் பிள்ளைகள் அவரிடம் மூச்சு விடாமல் சொன்னார்கள். மழை நின்ற பிறகுதான் மேடம் தன் குடையை வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமையும் மர்பி டவுன் பையன் வரவில்லை. எனக்கு உறுத்தல் ஆரம்பித்தது. அவன் வருகைப் பதிவு ஏற்கெனவே குறைவு. எல்லைக்குக் கீழே போனால் பெற்றோர் வந்து கடிதம் கொடுக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தால் வந்திருப்பானோ என்று தோன்றியது. ஒரு கதைக்காக யாராவது கல்லூரிக்கு வராமல் இருப்பார்களா என்றும் தோன்றியது. இருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டாஃப் ரூம் வாசலில் அவன் நின்றான். பக்கத்தில் அவனுடைய அப்பா. ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வலது காலை லேசாக இழுத்து நடந்தார், அந்தக் கணுக்காலில் பேண்டேஜ் சுற்றியிருந்தது. அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு ஐ.டி. பார்க்கின் கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறாராம். கால் வீங்கி டாக்டர் மூன்று நாள் உட்காரச் சொல்லியிருந்தார். உட்காருங்கள் சார் என்று நாற்காலியைக் காட்டினேன். மகனைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கித்தான் உட்கார்ந்தார்.

பையன் கடிதத்தை நீட்டினான். கன்னடத்தில் எழுதியிருந்தது, எனக்குக் கன்னடம் கேட்டால் புரியும், எழுத்து தெரியாது என்பதால் கன்னட மேடத்திடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். 'என் தந்தைக்குக் கதை வாசித்துக் காட்டியதால் இரண்டு நாள் கல்லூரிக்கு வர இயலவில்லை. தயவுசெய்து மன்னிக்கவும்.' வாசித்து முடித்து, மறுபடி ஒரு முறை தனக்குள் வாசித்தார். முப்பது வருஷத்தில் காய்ச்சல், கல்யாணம், செத்தவரே மறுபடி செத்தது எல்லாம் பார்த்துவிட்டேன், இப்படி ஒரு லீவு லெட்டர் பார்த்ததில்லை என்றார்.

நடந்தது என்ன என்று அப்பாதான் சொன்னார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் எதையோ நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். என்னடா என்று கேட்டதற்கு, ஒரு குடை கதை, அந்த ஆளை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அப்பா கதையைக் கேட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தபடியே சிரித்திருக்கிறார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று மகனுக்குக் கோபம்.

"நான் எதுக்குச் சிரிச்சேன்னா மேடம், போன வருஷம் ஒரு நாளு, பேருக்குப் போட்டிருக்கற சேர் மேல தொப்பிய வச்சிட்டு பாத்ரூம் போய்ட்டேன். திரும்பி வந்து பாத்தா மூணு காரு வரிசையா நின்னுக்கினு இருக்கு. மொத காருக்காரர் கண்ணாடிய எறக்கி தொப்பிக்கு ஐ.டி. கார்டு காட்டிக்கினு இருக்காரு. அவசரத்துல போன் பாத்துக்கினே காட்றாரு பாவம். நான் போற வரைக்கும் தொப்பிதான் டூட்டி."

கன்னட மேடத்துக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் இது முழுக்கப் புரிந்துவிட்டது. மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

கதையில் அப்புறம் என்ன ஆச்சு என்று அன்றைக்கு அப்பா கேட்டிருக்கிறார். மிஸ் பாதிதான் வாசித்தார்கள், மீதி புத்தகத்தில் இருக்கிறது என்றிருக்கிறான் மகன். வாசி என்றிருக்கிறார். அங்கேதான் சிக்கல். அவனுக்குத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வரும். அவருக்கோ பள்ளிக்கூடமே மூன்று வருஷம்தான். முதலிலிருந்தே வாசி என்று வேறு சொல்லிவிட்டார். புதன்கிழமை முழுக்க ஆறு பக்கம். வியாழக்கிழமை மீதி. நடுவில் புரியாத வார்த்தை வந்தால் அப்பா அர்த்தம் சொல்வார், எழுத்து புரியாவிட்டால் அவன் அம்மா வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் எட்டிப் பார்த்துச் சொல்வார். எதிர்வீட்டுக்காரர்கூட வந்து உட்கார்ந்திருக்கிறார்.

நான் அந்தப் பையனைப் பார்த்தேன். காதெல்லாம் சிவந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பா எழுந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. ஒரு சந்தேகம், கேட்கலாமா என்றார்.

"கொடை விருந்துக்குப் போச்சுன்னு போட்டிருக்கு. மீட்டிங்குக்குப் போச்சுன்னு போட்டிருக்கு. கொடைக்குக் காலு கெடையாதே மேடம். யாரு தூக்கினு போனாங்க?"

கைடில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த மணி என் வகுப்புதான். நீங்களே வந்து கேளுங்கள் சார் என்று அவரைக் கூட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். காலை யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டோமே என்று இரண்டாவது மாடியில்தான் உறைத்தது. அவர் பரவாயில்லை பரவாயில்லை என்று மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். பின்னாலேயே கன்னட மேடமும் வந்தார். அவருக்கு அப்போது வேறு வகுப்பு இருந்தது என்று பிறகு தெரிந்தது.

அப்பா கேள்வியை வகுப்பில் கேட்டார். எல்லாரும் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். ஒரு பாடப்புத்தகத்தை அவ்வளவு ஆத்திரமாகப் புரட்டும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. விருந்து வரும் பக்கத்தை முதலில் பிடித்தது ஆட்டோக்காரப் பையன். குடை சாப்பிடும்போது குமாஸ்தா நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். கூட்டம் வரும் பக்கத்தில் குமாஸ்தா படியேறி மூச்சு வாங்குகிறார். குடை எங்கே போனாலும், அந்தப் பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில் அவரும் இருந்தார். குடையை அவர் கையில் பிடித்திருந்ததாக ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பெருமழை வரும்வரை ஒரு இடத்திலும் அவர் கை சும்மா இருந்ததாகவும் இல்லை. கதவைத் தோளால் தள்ளுகிறார், மூக்கைத் தோள்பட்டையில் துடைத்துக்கொள்கிறார். அன்றைக்குப் படித்தபோதும், இந்த வாரம் சத்தமாக வாசித்தபோதும் அந்த வரிகளை நான் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஒன்றுமே கண்ணில் படவில்லை.

"அவரேதான் மிஸ் தூக்கினு சுத்தியிருக்காரு" என்றான் மர்பி டவுன் பையன். அவன் குரலில் கோபம் போய் ஒரு திகைப்பு வந்திருந்தது.

அப்படியானால் குதிரை வண்டி? நீலசந்திராப் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். வண்டிக்குள் குடை, தெருவில் அவர். அந்த ஒரு இடத்தில்தான் இரண்டு பேரும் தனித்தனி. அவர் கை அங்கேதான் சும்மா இருக்கிறது. அவர் குடையைக் கீழே வைத்துவிட்டார் மிஸ், அதுதான் நனைகிறார் என்றாள். இல்லை, வேறு ஒரு ஏமாளி கிடைத்துவிட்டான், அவன் வண்டிக்குள் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றான் ஒருவன். நனைந்தது நல்லதா கெட்டதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கன்னட மேடம் நல்லது கட்சி.

கடைசிக் கொக்கி விஷயத்துக்கு வந்தபோது எல்லாரும் கொஞ்சம் அடங்கினார்கள். மனுஷனைக் கொக்கியில் மாட்டுவது கொடுமைதானே, அதற்கு என்ன சொல்வது என்று நான் கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

அப்பா கடைசி பெஞ்சில் மகனுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"பன்னண்டு மணி நேரம் நின்னு பாத்தவனுக்குத் தெரியும் மேடம். மாட்டுனா தொங்கலாம். தொங்குனா காலு வலிக்காது."

அவர் அதைச் சோகமாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல வசதியைக் கண்டுபிடித்துச் சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார், மகனும் சிரித்துவிட்டான். அந்தப் பையன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நீலசந்திராப் பெண்ணுக்கு மறுபடி விக்கல் வந்தது. சக்கத்தா இருக்கு அங்கிள், சூப்பர், நீங்க டெய்லி வாங்க என்றான் ஆட்டோக்காரப் பையன். அப்பாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. எழுந்து, மன்னிக்கணும் மேடம், ரொம்ப நேரம் பேசிட்டேன் என்று கிளம்பினார். கீழே இறங்கும்போது கன்னட மேடம் அவரைப் பிடித்து, மூலை பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போய் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் கதையை அவர் தன் வகுப்பிலும் கன்னடத்தில் சொல்லிவிட்டார். பாடத்தில் இல்லாததை நடத்துகிறார் என்று யாருக்கும் அவரிடம் சொல்லத் தைரியம் இல்லை.

பையனின் இரண்டு நாளைக்கும் வருகை போட்டுக்கொடுத்தது அவர்தான். பிரின்சிபாலிடம் என்ன சொல்லி அனுமதி வாங்கினார் என்று எனக்குச் சொல்லவில்லை.

அந்தக் கதைக்குப் பிறகு ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கதைகள் பிடிக்காமல் போயின. நேரம் மிச்சம் இருந்ததால் வேறொரு தொகுப்பிலிருந்து ஒரு குடும்பக் கதையை வாசித்தேன். அண்ணன் தம்பி பிரிந்து கடைசியில் சேர்கிற, எனக்கு மிகவும் பிடித்த கதை. நான் கண்கலங்கி முடித்தேன். நீலசந்திராப் பெண், இதில் ஒன்றுமே தப்பாக நடக்கவில்லையே மிஸ் என்றாள்.

செப்டம்பர் கடைசியில் உள்மதிப்பீட்டுத் தேர்வு. கேள்வித்தாள் நான்தான் போட வேண்டும். கைடை மூடி வைத்துவிட்டு, குடை கதையின் முடிவைப் பற்றி உங்களுக்குத் தோன்றுவதை எழுதுக என்று ஒரு கேள்வி கேட்டேன். எட்டு மதிப்பெண்.

விடைத்தாள்களை அன்றைக்கே மெட்ரோவில் வைத்துத் திருத்த ஆரம்பித்தேன். உட்கார இடம் கிடைத்திருந்தது. ஒருவன் பியூனைக் குற்றவாளி ஆக்கி ஒரு வழக்கே நடத்தியிருந்தான். ஒருத்தி குமாஸ்தாவின் மனைவிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மூன்று நாள் வீட்டில் காய்ச்சலோடு கிடந்தவர் உண்மையில் யார் என்று கேட்டிருந்தாள். அதை இரண்டு முறை படித்தேன். ஆட்டோக்காரப் பையன், அந்த ஊரில் குதிரை வண்டிக்காரன் மீட்டர் போட்டானா என்ற கோணத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த என்னைப் பக்கத்து சீட் பெண் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

மர்பி டவுன் பையனின் தாளில் எழுத்துக்கள் பெரிது பெரிதாக, வரிக்கு நாலு வார்த்தை மட்டும் நின்றன. ஒற்று ஒன்றும் கிடையாது, றகரமும் ரகரமும் இடம் மாறியிருந்தன. பென்சிலால் திருத்தத் தொடங்கி, இரண்டாவது வரியில் விட்டுவிட்டேன். குமாஸ்தா காய்ந்த பிறகு கொக்கியிலிருந்து இறங்குகிறார் என்று எழுதியிருந்தான். இறங்கியதும் கையை உதறிப் பார்க்கிறார், கை லேசாக இருக்கிறது. நேரே வீட்டுக்கு நடக்கிறார். வழியில் மழை வருகிறது, ஓரம் ஒதுங்காமல் போகிறார். கடைசி வரியில், மீதி அப்பாவைக் கேட்டு நாளை எழுதுகிறேன் என்று போட்டிருந்தான்.

எட்டுக்கு எட்டு போட்டு நிமிர்ந்தால், நான் இறங்க வேண்டிய பையப்பனஹள்ளி எப்போதோ போய்விட்டிருந்தது. கே.ஆர்.புரத்தில் இறங்கினேன். திரும்பிப் போக எதிர்ப்பக்க வண்டி வந்து நின்றது, கதவு திறந்தது, மூடியது. இன்னும் இரண்டு தாள் பாக்கி இருந்தது. பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த தாளைப் பிரித்தேன்.